ஒற்றை ஆள் கம்ப்ரஸர்

என் வீட்டுக்காரர் டயருக்குக் காற்றடிக்கிற கம்ப்ரஸர் வாங்கக் கிளம்பினார். நானும் செருப்பை மாட்டிக்கொண்டு கூடவே கிளம்பினேன். வா என்று அவர் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. அவர் எதையுமே சொல்கிற ஆள் இல்லை. லாரி நிறுத்தத்தில் அவருக்கு ஹாரன் என்று பட்டப்பெயர். வாயைத் திறக்காத மனிதருக்கு அப்படி ஒரு பெயரை வைத்துவிட்டு, அவர் தலை தெரிந்ததும் நாலு பேர் காதைப் பொத்திக்கொள்வார்கள். அவரும் சிரித்துவிட்டுப் போவார். எனக்கும் ஒரு பெயர் உண்டு, பாதி டிரைவர். முழுப் பெயருமே எனக்குத்தான் வந்திருக்க வேண்டும். லைசென்ஸ் இல்லாத ஒரே காரணத்தால் விட்டுக்கொடுத்திருக்கிறேன்.

எங்களுடையது ஆறு சக்கர லாரி. டைல்ஸ் பெட்டி ஏற்றுவோம். கல்யாணமான புதிதில், ஒரே ஒரு நடை கூடப் போய்ப் பார்க்கலாமே என்று ஏறினவள் அப்புறம் இறங்கவே இல்லை. ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால் நின்று வழி சொல்வது நான், தார்ப்பாயின் மறுமுனையை இழுத்துக் கட்டுவது நான், குடோனில் நம்மைக் கடைசியில் தள்ளப் பார்க்கிறவர்களிடம் மல்லுக்கு நிற்பதும் நான்தான். காலையில் கிளம்பும் முன் அவர் ஒரு இரும்புக் கம்பியால் டயர்களைத் தட்டிக்கொண்டே வருவார். காற்று இருக்கிற டயர் ஒரு மாதிரி சத்தம் கொடுக்கும், இறங்கின டயர் வேறு மாதிரி. தட்டுவது அவர், "ம்" கொட்டுவது நான். வாடகைக்கு ஒரு வீடு வைத்திருந்தோம், வருஷத்தில் பாதி நாள் பூட்டியே கிடந்ததால் அதையும் விட்டுவிட்டோம். அவருடைய அக்கா வீட்டுப் பின்னறையில் எங்கள் பெட்டிகள் கிடக்கின்றன. மற்றபடி எங்கள் குடித்தனம் கேபினில்தான்.

இப்போது நான் அந்தப் பின்னறையில் இருக்கிறேன். லாரி வாசலில் நிற்கிறது.

என்ன நடந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. அப்போது எனக்கு ஐந்தாம் மாதம். போய்க்கொண்டிருந்த அந்த நடையோடு நான் இறங்கிவிடுவது என்றும், பிள்ளை பிறந்து கொஞ்சம் வளர்ந்ததும் மூன்று பேராக ஏறுவது என்றும் பேசி வைத்திருந்தோம். ஆள் நடமாட்டமே இல்லாத ஒரு சாலையில் பின்பக்க இரட்டைச் சக்கரத்தில் உள்பக்கத்து டயர் வெடித்தது. சரி, மாற்று டயர் ஸ்டெப்னி இருக்கிறதே என்று அதை இறக்கினோம். அது சப்பையாக விழுந்தது. உள்ளே காற்றே இல்லை. தினமும் ஆறு டயரைத் தட்டித் தட்டிக் கேட்கிற நாங்கள், வண்டிக்கு அடியில் தொங்குகிற ஏழாவதை ஒரு நாளும் தட்டியதில்லை. கம்பி அங்கே எட்டாது, அதனால் ஞாபகமும் அங்கே எட்டவில்லை. எத்தனையோ லாரிக்காரர்கள் இதே தப்போடு ஊர் சுற்றிக்கொண்டிருக்கிறார்கள். அவர்களுக்கு ஒன்றும் ஆவதில்லை.

காற்றடிக்கிற கடை எந்தப் பக்கம் இருக்கிறது என்றுகூட எங்களுக்குத் தெரியாது, போனிலும் சிக்னல் இல்லை. வெயில் ஏறி, வெயில் இறங்கும்வரை சாலையோரத்தில் கிடந்தோம். நடுவில் எனக்கு வலி கண்டது. ஒரு டேங்கர் லாரிக்காரர் நிறுத்தி எங்களை ஏற்றிக்கொண்டபோது சாயங்காலம் ஆகிவிட்டது. ஆஸ்பத்திரியில், பெண் குழந்தை என்று சொன்னார்கள். அதற்கு மேல் சொல்ல அவர்களிடம் எதுவும் இல்லை.

டாக்டரம்மா நல்ல மாதிரி. எங்கள் இரண்டு பேரையும் எதிரே உட்காரவைத்து, "டயருக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லம்மா. வீட்டுல படுத்திருந்தாலும் இது நடந்திருக்கும். சீக்கிரம் வந்திருந்தாலும் எங்களால ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது" என்று பொறுமையாகச் சொன்னார். நான் நம்பினேன். நம்பியதால் எதுவும் குறைந்துவிடவில்லை. என் வீட்டுக்காரரும் தலையை ஆட்டினார், ஆனால் ஒரு வார்த்தையும் காதுக்குள் போகவில்லை என்பது முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. வெளியே வந்து மருந்துக் கடை வரிசையில் நிற்கும்போது, "கையில ஒரு கம்ப்ரஸர் இருந்திருந்தா?" என்று கேட்டார். என்னிடம் கேட்டாரா, எதிரே இருந்த சுவரிடம் கேட்டாரா, தெரியவில்லை. அதோடு சரி. குழந்தையைப் பற்றி அவர் வாயைத் திறக்கவில்லை.

நானும் திறக்கவில்லை. எனக்கு எல்லாம் மரத்துப் போய்விட்டது. நாத்தனார் சூடாக டீ கொண்டுவந்து வைப்பார், நான் குடிப்பேன். நாக்கு சுட்டதா என்று யோசித்துப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கும். பார்க்க வந்தவர்கள் அழுதார்கள். நான் அவர்களுக்குத் தண்ணீர் கொடுத்துத் தேற்றி அனுப்பினேன். ரொம்பக் கல்நெஞ்சுக்காரி என்று வாசலில் ஒருத்தி சொன்னது காதில் விழுந்தது. சொல்லிவிட்டுப் போகட்டும் என்றிருந்தது. முந்தைய நானாக இருந்தால் வாசல்வரை போய் நாலு வார்த்தை கேட்டுவிட்டு வந்திருப்பேன்.

வருகிற திங்கட்கிழமை டைல்ஸ் கம்பெனியில் எங்களுக்கு லோடு. நிறைய நாள் பொறுத்துவிட்டார்கள், இதையும் விட்டால் வேறு லாரியைப் பார்த்துக்கொள்வார்கள். அவர் போகப் போகிறார் என்பது தெரியும். நான் ஏறுகிறேனா இல்லையா என்பதை மட்டும் யாரும் பேசவில்லை. எனக்கு எதன் மேலும் ஆசை இல்லாமல் போயிருந்த அந்த நாட்களில் அந்த இடதுபக்க சீட்டு மட்டும் வேண்டியிருந்தது. அறையில் படுத்தால் கூரையைப் பார்க்க வேண்டும். லாரியில் உட்கார்ந்தால் சாலையாவது நகரும். அதற்கு மேல் பெரிய காரணம் ஏதும் என்னிடம் இல்லை.

கடை, உதிரிப் பாகங்கள் விற்கிற தெருவில் இருந்தது. வாசலில் பழைய டயர்கள், உள்ளே கூரைவரை அட்டைப் பெட்டிகள், கிரீஸ் வாடை. கடைக்காரருக்கு வாய் ஓயவே இல்லை. எங்கள் வீட்டுக்காரரையும் அவரையும் கலந்து இரண்டாகப் பிரித்தால் இரண்டு சாதாரண மனிதர்கள் கிடைப்பார்கள்.

"வாங்கண்ணா, வாங்கக்கா. காருக்கா, லாரிக்கா?"

"லாரி."

சாப்பாட்டுப் பெட்டி அளவுக்கு ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். "இதுதான் இப்ப நல்லாப் போகுது. சிகரெட் லைட்டர் ஓட்டையில சொருகினாப் போதும். நூத்தம்பது பி.எஸ்.ஐ. அழுத்தம் வரும், பாருங்க, பெட்டியிலயே போட்டிருக்கான். விலையும் கைக்கு அடக்கம்."

எங்களவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நிமிஷத்துக்கு எத்தனை லிட்டர் காத்து?"

"அது வந்து…"

"நூத்தம்பது எல்லாப் பெட்டியிலயும்தான் போட்டிருக்கான். எவ்வளவு நேரத்துல நூத்தம்பதுன்னு ஒருத்தனும் போடல. லாரி டயரை இதுல அடிச்சா டயர் நிறையறதுக்குள்ள இது எரிஞ்சு போயிடும்."

ஒரு வாரத்துக்கு உண்டான பேச்சை ஒரே மூச்சில் பேசிவிட்டார். நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். இத்தனை நாளும் வாசல் படியில் உட்கார்ந்து போனை நோண்டிக்கொண்டிருந்தது இதைப் படிக்கத்தான் போலிருக்கிறது.

அடுத்தது கொஞ்சம் பெரியது. பேட்டரியிலேயே நேராகக் கிளிப்பைக் கவ்வவிடலாம் என்றார் கடைக்காரர்.

"பன்னெண்டு வோல்ட்டுதானே. எங்க வண்டி இருபத்துநாலு."

"ரெண்டு பேட்டரில ஒண்ணுல மட்டும் போட்டுக்குங்கண்ணா. எல்லாரும் அப்படித்தான் ஓட்டுறாங்க."

"அந்த ஒரு பேட்டரி மட்டும் சீக்கிரம் போயிடும். அப்புறம் டயர்ல காத்து இருக்கும், வண்டி ஸ்டார்ட் ஆகாது."

கடைக்காரர் அதையும் உள்ளே எடுத்து வைத்தார். இவர் லேசில் மசிகிற ஆள் இல்லை என்று தெரிந்துகொண்டு, பேச்சைக் குறைத்துவிட்டு, இரண்டு மிஷின்களைக் கொண்டுவந்து தரையில் வைத்தார். இரண்டும் இருபத்துநாலு வோல்ட். வாசலில் கிடந்த ஒரு லாரி டயரை உருட்டிவந்து, பக்கத்தில் ஒரு ஜோடி பேட்டரியையும் வைத்தார்.

முதலாவதில் கண்ணாடித் திரையும் எண்களும் இருந்தன. "குழாய் முனையை வால்வுல திருகி விட்டுடலாம், கையால பிடிக்க வேண்டியதில்ல. எவ்வளவு காத்து வேணுமோ அந்த நம்பரை வெச்சிட்டு நீங்க பாட்டுக்குப் போய் உக்காந்துக்கலாம். ஆனதும் தானா நின்னுடும். விலை கொஞ்சம் கூட. ஒண்ணுமே இல்லாத டயர்னா முக்கால் மணி நேரம் கிட்ட ஆகும், நடுவுல சூடு ஆற விடணும்."

"முக்கால் மணி நேரம் ஆகாது" என்றார் எங்களவர்.

"ஆகும்ணா, நான் அடிச்சுப் பாத்திருக்கேனே."

"அவ்வளவு நேரம் ஆகக் கூடாதுன்னு சொன்னேன்."

"ரோட்டோரத்துல அப்படி என்னண்ணா அவசரம்? கொஞ்ச நேரம் கண்ணை மூடிக் கிடந்தா முடிஞ்சிடும்."

எங்களவர் டயர் பக்கம் போனார். குனிந்து அந்த டயரைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். கடைக்காரர் பாவம், அவருக்கு என்ன தெரியும்.

இரண்டாவது மிஷின் பார்க்க முரடாக இருந்தது. இரட்டை சிலிண்டர், திரையும் கிடையாது, எண்ணும் கிடையாது. உடம்பிலேயே ஒரு முள் மீட்டர், ஒரு சுவிட்ச், பாம்பாகச் சுருண்ட நீளக் குழாய். "இது பழைய மாடல், அதனாலதான் விலை கம்மி. ஆனா அடிக்கிற அடியைப் பாருங்க, கால் மணி நேரத்துல முழு டயரும் நிறைஞ்சிடும். ஒண்ணே ஒண்ணுதான், குழாய் முனையைக் கையால அமுக்கிப் பிடிச்சுக்கிட்டே இருக்கணும். இங்க ஒருத்தர் மீட்டரைப் பாத்து ஆஃப் பண்ணணும், இது தானா நிக்காது. ரெண்டு பேர் இருந்தா இதை விட்டா வேற மிஷினே இல்ல. உங்களுக்குத்தான் அக்கா இருக்காங்களே."

"இல்ல" என்றார் எங்களவர். "நான் ஒருத்தன்தான்."

நான் அவருக்கு ஒரு முழம் தள்ளி நின்றுகொண்டிருந்தேன். கடைக்காரர் என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், பிறகு மிஷினைப் பார்த்தார். வியாபாரம் தெரிந்தவர்.

"அப்போ அந்தத் திரை வெச்சதுதான் உங்களுக்குச் சரி" என்றார்.

"அதையே போடுங்க."

செருப்பு அறுந்தால் மூன்று முறை தைத்துப் போட்டுக்கொள்கிற மனிதர், விலை கூடின மிஷினை மறுபேச்சில்லாமல் போடச் சொன்னார். முக்கால் மணி நேரம் ஆகாது என்று அடம்பிடித்தவர் அதையும் விழுங்கிக்கொண்டார். நான் இல்லாமல் இருப்பதற்கு அவர் இவ்வளவு விட்டுக்கொடுக்கத் தயாராக இருந்தார். எனக்குக் கோபம் வர வேண்டும். வரட்டும் என்று நின்று பார்த்தேன். வரவில்லை. வெளியே போய் நடைபாதையில் நின்றேன்.

எதிர்க் கடையில் ஒருவர் சைலன்ஸர்களை வரிசையாகத் தொங்கவிட்டுக்கொண்டிருந்தார். அன்று காலை நாத்தனார் பின்னறை அலமாரியில் இரண்டு தட்டைக் காலி செய்து, "இதுல உன் துணிய வெச்சுக்க" என்று சொன்னது ஏன் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. நாத்தனாருக்குத் தெரிந்திருக்கிறது, இப்போது கடைக்காரருக்கும் தெரிந்துவிட்டது. என்னைக் கேட்காமலே என் குடித்தனத்தை இறக்கி வைத்தாகிவிட்டது. திங்கட்கிழமை லாரி கிளம்பும். நான் வாசலில் நின்று கையாட்ட வேண்டும், பிறகு உள்ளே போய்ப் படுத்துக்கொள்ள வேண்டும். அதை நினைத்துப் பார்த்தேன். என்னால் அது முடியும், அதுதான் பயங்கரம். எந்தக் கஷ்டமும் இல்லாமல் நான் போய்ப் படுத்துக்கொள்வேன், வருஷக்கணக்கில் படுத்துக்கொண்டே இருப்பேன்.

திரும்ப உள்ளே போனேன். கடைக்காரர் திரை வைத்த மிஷினைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டிருந்தார்.

"கால் மணி நேரமா, முக்கால் மணி நேரமா?" என்று எங்களவரைக் கேட்டேன்.

"என்ன?"

"இது எதுக்கு வாங்கறோம்? ரோட்டுல மாட்டிக்கிட்டுக் கிடக்கக் கூடாதுன்னுதானே. அப்புறம் எதுக்கு மெதுவா அடிக்கிறதை எடுக்கறீங்க?"

"நீ வீட்டுல இரு. உடம்பு தேறட்டும்."

"உடம்பு தேறிடுச்சுன்னு டாக்டரம்மா சொன்னப்ப நீங்களும் பக்கத்துலதான் உக்காந்திருந்தீங்க."

"அக்கா பாத்துக்கும்."

"உங்க அக்கா தங்கமானவங்கதான். நான் என்ன அவங்களையா கட்டிக்கிட்டு வந்தேன்?"

கடைக்காரருக்கு அந்த நேரம் பார்த்து மேல்தட்டில் தூசி இருப்பது கண்ணில் பட்டது. ஏணியை எடுத்துக்கொண்டு கடையின் கடைசி மூலைக்குப் போய்விட்டார்.

எங்களவர் பெட்டியின் மூடியைத் திறந்தார், மூடினார். "உன்னை அந்த சீட்டுல என்னால பாக்க முடியல" என்றார். குரல் கேட்பதற்கு நான் பக்கத்தில் போக வேண்டியிருந்தது. "வண்டியைத் துடைக்கலாம்னு நேத்து ஏறினேன். அந்தப் பக்கம் திரும்பினா, நீ வயித்தைப் பிடிச்சுக்கிட்டு என்னையே பாத்துட்டு இருக்க மாதிரி இருக்கு. நான் ஜாக்கியைக் கையில வெச்சுக்கிட்டு முட்டாள் மாதிரி நிக்கறேன். நீ ஏறினா வண்டி ஓட்ட முடியாது என்னால."

இதுவரை எனக்காகத்தான் என்னை இறக்குகிறார் என்று நினைத்திருந்தேன். அவருக்காக இறக்கியிருக்கிறார். இது என்னைச் சுடும் என்று காத்திருந்தேன். சுடவில்லை. அவர் சொன்னது நியாயமாகவே பட்டது. எனக்கும்தான் கண்ணாடியில் என் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

"சீட்டு காலியா இருந்தா மட்டும் பாக்க முடியுமா?" என்று கேட்டேன்.

அவர் பெட்டி மூடியிலிருந்து கையை எடுத்தார்.

"எனக்கு ஒண்ணுமே தோண மாட்டேங்குது. அழுகை வரல. பசி வரல. உங்க மேல கோபம் வருதான்னு வெளிய நின்னு பாத்தேன், அதுவும் வரல. அந்த ரூம்ல கிடந்தா நான் இப்படியே நின்னு போயிடுவேன். நீங்க ரோட்டுல தனியா முக்கால் மணி நேரம் உக்காந்திருப்பீங்க, நான் அங்க உக்காந்திருப்பேன். ஆளுக்கு ஒரு பக்கமா உக்காந்து என்னத்தைச் சாதிக்கப் போறோம்?"

இவ்வளவு பேசியதே எனக்கு மூச்சு வாங்கியது. அவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஏணியின் உச்சியில் கடைக்காரர் ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார். நல்ல மனிதர், காதில் விழாத மாதிரி இருக்கத் தெரிந்திருந்தது.

எங்களவர் பெட்டியை ஓரமாகத் தள்ளினார். முரட்டு மிஷினிடம் போய் உட்கார்ந்து அதன் குழாயைக் கையில் எடுத்து நீளம் பார்த்தார்.

"இது பின் டயர் வரைக்கும் எட்டுமா?" என்று ஏணியைப் பார்த்துக் கேட்டார்.

"தாராளமா எட்டும்ணா" என்று மேலிருந்து பதில் வந்தது. "மீதியே இருக்கும்."

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் உடனே பார்த்துவிடலாம் என்றார். பட்டப்பகல். தெருவில் ஆட்கள் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தார்கள். கேபினுக்குப் பின்னால் பக்கவாட்டில் இருக்கிற பேட்டரிப் பெட்டியைத் திறந்து கிளிப்புகளைக் கவ்வவிட்டேன். மிஷினைப் பக்கத்தில் தரையில் வைத்து அதன் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். அவர் குழாயை இழுத்துக்கொண்டு பின்பக்கம் போனார். இரட்டைச் சக்கரத்தில் உள் டயரின் வால்வு நேராகக் கைக்கு வராது. வண்டிக்கு அடியில் பாதி உடம்பை நுழைத்துத்தான் அமுக்க வேண்டும். மாதக்கணக்கில் நின்றதில், வெடித்ததற்குப் பதிலாகப் போட்ட புது டயரிலும் காற்று கொஞ்சம் இறங்கியிருந்தது.

"போடட்டுமா?" என்றேன்.

"போடு."

சுவிட்சைத் தட்டினேன். அப்படி ஒரு இரைச்சலை அந்தத் தெரு கேட்டிருக்காது. நாத்தனார் ஜன்னலைச் சாத்தினார். சைக்கிளில் போன ஒருவர் இறங்கித் தள்ளிக்கொண்டு போனார். நான் முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முள் நடுங்கி நடுங்கி ஏறியது. அவர் சொன்ன அளவுக்குக் கிட்டே வந்ததும், தயாராகச் சொல்லலாம் என்று குனிந்து வண்டிக்கு அடியில் பார்த்தேன்.

அவர் ஒரு கையால் குழாய் முனையை வால்வில் அமுக்கிப் பிடித்திருந்தார். மற்றக் கையால் டயரைக் கட்டிக்கொண்டிருந்தார். நெற்றியை ரப்பரில் முட்டுக்கொடுத்து வைத்திருந்தார். தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. வாய் முழுக்கத் திறந்திருந்தது. ஒரு சத்தமும் எனக்குக் கேட்கவில்லை. எனக்கு மட்டுமல்ல, யாருக்கும் கேட்கவில்லை.

என் விரல் சுவிட்சின் மேல் இருந்தது. முள் அளவைத் தொட்டது. இப்போது நிறுத்தினால் அவர் அழுவது தெரு முழுக்கக் கேட்கும், நாத்தனார் ஓடிவருவார், நாலு பேர் கூடுவார்கள், அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்துவிடுவார், அதோடு ஆயுசுக்கும் மூடிக்கொள்வார். எனக்கு அப்போதும் அழுகை வரவில்லை. எப்போது வருமோ தெரியாது. முள் அளவைத் தாண்டி ஒரு கோடு மேலே போனது. விரலை எடுத்துவிட்டு, ஓடட்டும் என்று உட்கார்ந்திருந்தேன். காற்று கூடிப் போனால் இறக்கிக்கொள்ளலாம்.